ஆட்சேபணை இல்லாத ஆடிட்டர்

பெண்கள் வேலைக்குப் போகக்கூடாது என்று மேஜையைக் குத்திப் பேசுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களால் பெரிய ஆபத்து ஒன்றும் கிடையாது. தெருக்கோடியில் வரும்போதே குரல் கேட்டுவிடும், ஒதுங்கிக்கொள்ளலாம். நான் சொல்ல வந்திருப்பது வேறு ஒரு இனம். ஆட்சேபணையில்லாதவர் என்று அதற்கு நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன்.

ஆட்சேபணையில்லாதவர் பரம சாது. சிரித்த முகம், நெற்றியில் பளிச்சென்று திருமண், பெண்களின் முன்னேற்றம் என்று யாராவது பேச்செடுத்தால் கண்கூட லேசாகக் கலங்கும். "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை" என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்துவிட்டு மடியிலிருந்து டப்பியை எடுத்து ஒரு சிட்டிகைப் பொடி போடுவார். பொடி போட்டால் அடுத்தது "ஆனால்" என்று அர்த்தம். ஆட்சேபணை அவருக்கு இல்லை ஐயா, உலகத்துக்கு இருக்கிறது! பஸ்ஸுக்கு இருக்கிறது, பெஞ்சுக்கு இருக்கிறது, கட்சிக்காரருக்கு இருக்கிறது, ஐப்பசி மழைக்குக்கூட இருக்கிறது. பாவம், இவர் ஊரெல்லாம் அலைந்து அந்த ஆட்சேபணைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து நம் முன்னால் வைக்கிறார், அவ்வளவுதான்.

இந்த இனம் பள்ளிக்கூடத்திலும் உண்டு, ஆஸ்பத்திரியிலும் உண்டு. ஆனாலும் அசல் சரக்கைப் பார்க்கவேண்டுமென்றால் கணக்குத் தணிக்கைத் தொழிலுக்குத்தான் வரவேண்டும். எதற்கும் ஆதாரம் காட்டாமல் பேசாத தொழில் அல்லவா? செங்கற்பட்டு ஆடிட்டர் பட்டாபி அவர்களிடம் பதினாறு வருஷம் ஹெட்கிளார்க்காகக் குப்பை கொட்டியவன் நான். வரதன் என்று பெயர். ஆகையால் நான் சொல்வதை நீங்கள் நம்பலாம்.

"எங்க ஆத்துல ஃபைனான்ஸ் மினிஸ்டரே ருக்மிணிதான், தெரியுமோ? நான் வெறும் கிளார்க்" என்று கணக்கு வேலையாக வரும் கட்சிக்காரர்களிடம் எங்கள் ஆடிட்டர் நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லுவார். கட்சிக்காரர்கள் சிரிப்பார்கள். அந்த நிதி மந்திரி கறிவேப்பிலைக்கு ஒரு அணா வேண்டுமென்றால் ஆபீஸுக்கு ஆள் அனுப்புவார், ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "நேத்துதானே ஒரு அணா போச்சு?" என்று கேட்டுவிட்டுக் கொடுப்பார். ருக்மிணி அம்மாள் நல்ல மாதிரி. ஒரு நாளும் ராஜினாமாச் செய்யவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் பெருந்தேவி வந்து சேர்ந்தாள். கணிதத்தில் பி.ஏ. பட்டம். கூடுவாஞ்சேரியிலிருந்து தினம் பாசஞ்சர் ரயிலில் வருவாள். ஆர்ட்டிகிள்டு கிளார்க்காக, அதாவது எங்களுக்குப் பிரீமியம் என்று ஒரு தொகையைக் கட்டிவிட்டு மூன்று வருஷம் கூட இருந்து தொழில் பழகி, கடைசியில் ஆடிட்டர் ஒரு சான்றிதழ் கொடுக்க, அதை வைத்து இறுதிப் பரீட்சை எழுதி, தானும் ஆடிட்டர் ஆவதற்காக வந்தாள். பிரீமியத்தை எண்ணி வாங்கும்போது எங்கள் ஆடிட்டர் ஆண், பெண் என்று வித்தியாசமே பாராட்டவில்லை. அந்த விஷயத்தில் அவர் மகா முற்போக்கு.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லேம்மா" என்றார். பொடி போட்டார். "ஆனா இங்க ரைஸ் மில்காரன் வருவான், பஸ் முதலாளி வருவான், மண்டிக்காரன் வருவான். நாலு பேர் கண்ணு ஒரு மாதிரியா இருக்கும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மறுநாளே தச்சன் வந்தான். ஆபீஸின் பின்பக்கத்து மூலையில், பழைய பேரேட்டுக் கணக்குப் புத்தகங்கள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு பலகைத் தட்டி எழுந்தது. அதற்குள் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பல்பு. "ராணி மாதிரி இரு" என்றார் ஆடிட்டர். ராணிக்குக் காற்று வராது. ஒரு வாரம் கழித்து, கூட்டல் போடும்போது வளையல் சத்தம் கேட்டால் கட்சிக்காரர் கவனம் சிதறுகிறது என்று மென்மையாக எடுத்துச் சொன்னார். அவள் இரண்டு வளையலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் அந்த மூலையில் ஆள் இருப்பதாகவே தெரியாது. ஆனால் அந்த மூலையிலிருந்து வெளியே வரும் கணக்கு இருக்கிறதே, அணா பைசாக் கட்டம் உள்படப் பளிங்கு மாதிரி இருக்கும். கட்சிக்காரர்கள், "யார் சார் எழுதினது?" என்று கேட்பார்கள். "நம்ம ஆபீஸ் கை" என்பார் ஆடிட்டர்.

இன்னொன்று சொல்லவேண்டும், சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஆபீஸில் பெண்களுக்கென்று 'அந்த வசதி' கிடையாது. கொல்லைப்புறத்தில் இருந்தது ஆண்களுக்கு. "இதெல்லாம் யோசிக்கணுமோல்லியோ, அதனாலதான் பொம்மனாட்டிகளுக்கு ஆபீஸ் வேலை கஷ்டம்கறேன்" என்று ஆடிட்டர் என்னிடம் மிகவும் வருத்தப்பட்டார். தட்டி அடித்த தச்சனே இன்னும் நாலு பலகை அடித்தால் அந்த வசதியும் வந்திருக்கும். அது யாருக்கும் தோன்றவில்லை. பெருந்தேவி என்ன செய்தாள் தெரியுமா? காலை ஒன்பது மணி ரயிலைப் பிடிக்கும்போதிலிருந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். சித்திரை வெயிலிலும் மாட்டாள். மூன்று வருஷம்! இது எனக்கு முதல் மாசமே தெரியும்.

அதே வருஷம் இன்னொருவரும் சேர்ந்தார். துரை என்று பெயர், மதுராந்தகத்துப் பக்கம் நிறைய நிலபுலம் உள்ள குடும்பத்துப் பிள்ளை. அவருக்குக் கூட்டலில் கொஞ்சம் தகராறு, கழித்தலில் நிறையத் தகராறு. மற்றபடி நல்ல சுபாவம். வெளித் தணிக்கை, அதாவது கட்சிக்காரர்களின் கடைக்கும் மில்லுக்கும் நேரே போய்க் கணக்குப் பார்க்கும் வேலை வந்தால் துரைதான் போவார். போய், மில்காரர் கொடுக்கும் நாஸ்தாவைச் சாப்பிட்டு, பேரேட்டில் பச்சைப் பென்சிலால் வரிசையாக டிக் போட்டுவிட்டு, சாயங்காலம் ஏப்பத்தோடு திரும்புவார். எந்த வரியில் டிக் விழுகிறது என்பதைப் பென்சிலே பார்த்துக்கொள்ளும்.

பெருந்தேவி நாலைந்து தடவை கேட்டுப் பார்த்தாள்.

"சார், இந்தத் தடவை அச்சிறுபாக்கம் மில்லுக்கு நான் போயிட்டு வரட்டுமா?"

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை." பொடி. "ஆனா பஸ்ல போகணுமே அம்மா! இடிபடணுமே!"

தினம் பாசஞ்சர் ரயிலில் இடிபட்டு வருகிற பெண்ணுக்கு பஸ் ஆபத்தாம். இன்னொரு தடவை, "அங்க நீ எங்கே உட்காருவே?" என்றார். நாற்காலியில் என்று அவள் சொன்னாள். "அது சரி, ஆனா மில்காரன் என்ன நினைச்சுப்பான்?" என்றார். மில்காரன் நினைப்பதற்கெல்லாம் எப்படிப் பதில் சொல்ல முடியும்? அவள் தட்டிக்குள் போய்விட்டாள்.

மூன்று வருஷம் முடிந்தது. பரீட்சை விண்ணப்பம் வந்தது, கூடவே ஆடிட்டர் பூர்த்தி செய்து தர வேண்டிய சான்றிதழ். வெள்ளிக்கிழமைத் தபாலில் போகாவிட்டால் அந்த வருஷப் பரீட்சை இல்லை. துரையின் சான்றிதழ் திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு உள்ளே போனது, பத்து இருபதுக்கு வெளியே வந்தது. அதில் 'வெளித் தணிக்கை அனுபவம்' என்ற கட்டத்தில் 'விரிவானது, மெச்சத்தக்கது' என்று எழுதியிருந்தது. டைப் அடித்தவன் நான்.

பெருந்தேவியின் சான்றிதழும் உள்ளே போனது. ஆடிட்டர் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார், பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் சரிம்மா. தங்கமான வேலை. ஆனா இந்த வெளித் தணிக்கைக் கட்டம் இருக்கே, அதுல நான் என்னத்த எழுதறது? நீதான் வெளியிலேயே போகலியே!"

"நீங்க அனுப்பலியே சார்."

"அனுப்பலைதான். உன் நல்லதுக்குத்தான் அனுப்பலை. அதுக்காகப் பொய் எழுதலாமோ? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே! எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, ஆனா கட்டம் காலியா இருக்கே அம்மா!"

அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே வருந்தினார். அதுதான் இந்த இனத்தின் விசேஷம். கதவை இழுத்துச் சாத்திவிட்டு, உள்ளே வர முடியாமல் நிற்கிறவளைப் பார்த்து மனசார இரக்கப்படுவார். பெருந்தேவி மூன்று வருஷத்தையும் பிரீமியத்தையும் அந்தக் காலிக் கட்டத்துக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் "சார், இது நியாயமில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அப்போது சம்பள உயர்வு பாக்கி இருந்தது.

அன்று மத்தியானமே கருவாட்டு வியாபாரி மோசஸ் ஓடிவந்தார். சதுரங்கப்பட்டினத்து மீனவப் பெண்களிடம் மீனைக் கூடைக் கணக்கில் வாங்கி, உலர்த்தி, வெளியூருக்கு ஏற்றுகிறவர். அவருடைய கணக்கில் தை மாசத்துக் கொள்முதல் 1,140 கூடை என்று இருந்தது. வருமான வரி ஆபீஸருக்குச் சந்தேகம். விற்றவர்களின் கணக்கை ஆடிட்டர் தரப்பில் யாராவது கண்ணால் பார்த்து, பார்த்தவர் பெயரோடு வியாழக்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் அபராதம் என்று கடிதம் போட்டுவிட்டார்.

"பேஜாராப் போச்சு சார். எனக்கு ராத்தூக்கம் இல்ல" என்றார் மோசஸ்.

"கவலைப்படாதேயும். நானே வரேன்" என்றார் ஆடிட்டர்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆடிட்டர், துரை, நான், மோசஸ் எல்லாரும் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் போய் இறங்கினோம். இடிந்த டச்சுக் கோட்டையைத் தாண்டி, மணலில் கால் புதையப் புதைய மீனவர் குப்பத்துக்கு நடந்தோம். கட்டுமரமெல்லாம் கடலுக்குள் போயிருந்தது. குப்பத்தில் பெண்கள் மட்டும்தான். வேண்டா என்ற பெயருடைய ஒரு நடுத்தர வயசுக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரே வந்தாள். இருபத்திமூன்று வீட்டுக்கும் மீன் விலை பேசுகிறவள் அவள்தான் என்று மோசஸ் காதோடு சொன்னார்.

"இன்னா மோசஸு, யாரு இவங்க?"

"ஆடிட்டர் ஐயா. தை மாசத்துக் கூடைக் கணக்கப் பார்க்க வந்துகிறாரு."

"கணக்கா? அது செவுத்துல கீது" என்றாள்.

விஷயம் இதுதான். அந்தக் குப்பத்தில் மீனைப் பிடிப்பதோடு ஆண்களின் வேலை முடிந்தது. விற்பது, பேரம் பேசுவது, டப்பு, அதாவது காசு, வாங்குவது, கணக்கு வைப்பது எல்லாம் பெண்கள். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பங்கரைச் சுவரில், கூடைக்கு ஒரு கோடாகக் கரியால் இழுத்து வைத்திருப்பார்கள். பத்துக் கோடு சேர்ந்தால் குறுக்கே ஒரு கோடு. மாசம் மாறினால் ஒரு வட்டம்.

"பேஷ்! பார்த்துடலாமே" என்று ஆடிட்டர் செருப்பைக் கழற்றினார்.

"எங்க நைனா போற?" என்றாள் வேண்டா. "ஆம்பளைங்க கடலுக்குப் போயிருக்க சொல்ல அந்நிய ஆம்பள வூட்டுக்குள்ள வர்றதா? அடுப்பாண்ட வர்றதா?"

"நான் ஆடிட்டர், அம்மா!"

"இருந்துட்டுப் போ. நீ வர்றதுல எனக்கு ஒண்ணும் இல்ல நைனா. ஊரு இன்னா சொல்லும்?"

ஆடிட்டர் பொடி டப்பியைத் தேடினார். அந்தச் சமயத்தில் அவருக்குப் பொடி கிடைத்திருக்கக்கூடாது, கிடைத்துவிட்டது. போட்டுக்கொண்டு யோசித்தார்.

"சரி, ஆம்பிளைகள் கரைக்கு வந்தப்புறம் பார்க்கலாமோல்லியோ?"

"அவங்க வந்ததும் நாங்க கூடையத் தூக்கினு சந்தைக்குப் பூடுவோம். வூடு பூட்டிக் கெடக்கும்."

"ஆம்பிளைகள்கிட்டே சாவி வாங்கிண்டு..."

வேண்டா சிரித்தாள். பின்னாலிருந்த சம்பூர்ணம் என்ற சின்னப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆம்பளைங்களுக்கு இன்னா தெரியும் கணக்கு? அவங்களப் போட்டு ஏன் கஷ்டப்படுத்தற? அவங்க நல்லதுக்குத்தான் நாங்க அதெல்லாம் அவங்ககிட்டக் காட்டறதே இல்ல" என்றாள் வேண்டா.

ஆடிட்டர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"ஏன் நைனா, கணக்கு தெரிஞ்ச பொம்பள யாரும் இல்லயா உங்க ஆபீஸ்ல? இட்டுகினு வா. காட்டறோம்."

"அவங்க ஆபீஸ்ல பொம்பள யாரும் கிடையாதே" என்றார் மோசஸ் வெகு நிச்சயமாக. மூன்று வருஷமாக மாசத்துக்கு இரண்டு தடவை வருகிறவர்.

ஆடிட்டர் பட்டாபி கொஞ்ச நேரம் மணலைக் காலால் கிளறினார். "இருக்கா" என்றார்.

"எங்க சார்?"

"தட்டிக்குப் பின்னால."

"அட! பழைய சாமான் போட்டு வெச்சிருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்!"

புதன்கிழமை பெருந்தேவி வெளித் தணிக்கைக்குப் போனாள். பஸ்ஸுக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. பெண்ணைத் தனியே எப்படி அனுப்புவது என்று ஆடிட்டரும் துணைக்கு வந்தார், ஆடிட்டருக்குத் துணையாக நான். பெருந்தேவியை வேண்டா கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். எங்கள் இருவரையும், வீட்டு வாசல்கள் கண்ணில் படாதபடி, கம்புகளில் உலர்த்தப் போட்டிருந்த ஒரு பெரிய வலைக்குப் பின்னால் உட்கார வைத்தாள். "இங்க குந்திகினு இரு நைனா. ராஜா மாதிரி நெழலு கீது" என்றாள். சம்பூர்ணம் ஆளுக்கு இரண்டு இளநீர் கொண்டுவந்து வைத்தாள். வெயிலுக்கு இதமாக இருந்தது. ஆடிட்டர் இரண்டையும் குடித்துவிட்டு என்னுடையதில் ஒன்றையும் குடித்தார்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் என் பக்கமாகச் சாய்ந்தார்.

"வரதா, இங்க அந்த வசதி எங்கே இருக்கும்?"

நான் வலைக்கண் வழியாகப் பார்த்தேன். வலது பக்கம் பெண்கள் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் பெண்கள் கூடை முடைந்துகொண்டிருந்தார்கள். பின்னால் கிணற்றடி, அங்கேயும் பெண்கள். எதிரே சமுத்திரம்.

"இருக்கறதாத் தெரியலை சார்" என்றேன்.

"கேட்டுப் பாரேன்."

"யாரைக் கேக்கறது சார்? நன்னாவா இருக்கும்?"

அவர் நேராக உட்கார்ந்துகொண்டார். இருபத்திமூன்று வீடு ஐயா! வீட்டுக்கு ஒரு சுவர், சுவருக்கு ஒரு மாசத்துக் கோடு. உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும் வந்தன. வளையல் சத்தமும் கேட்டது. பெருந்தேவி அன்றைக்கு இரண்டு வளையலையும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஆடிட்டர் ஒரு காலை மடித்து உட்கார்ந்தார், மறு காலை மடித்து உட்கார்ந்தார், விஷ்ணு சகஸ்ரநாமத்தை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். இரண்டு மணி சுமாருக்கு, நெற்றி வேர்வையில் திருமண் கரைந்திருக்க, "மனுஷன் எப்படி வரதா இப்படி இருக்கறது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

பெருந்தேவி மூன்று வருஷம் இருந்தாள் சார் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவ்வளவு தூரம்தான் வந்தது.

அவள் வெளியே வந்தபோது கையெல்லாம் கரி. முகத்தில் அப்படி ஒரு களை, நான் பார்த்ததே இல்லை. நோட்டைப் பிரித்தாள்.

"இருபத்துமூணு வீடும் சேர்த்து ஆயிரத்து நூத்துநாலு கூடை சார். மோசஸ் கணக்குல ஆயிரத்து நூத்துநாப்பது. வித்தியாசம் முப்பத்தாறு."

"ஐயையோ! திருட்டுக் கணக்கா?"

"இல்லே சார். முப்பத்தாறு ஒன்பதால வகுபடறது. இந்த மாதிரி வந்தா, எழுதறச்சே ரெண்டு எண் இடம் மாறியிருக்கான்னு முதல்ல பார்க்கணும். பார்த்தேன். மோசஸோட தினக் குறிப்புல ஆயிரத்து நூத்துநாலுன்னு சரியாத்தான் இருக்கு. பேரேட்டுல ஏத்தறச்சே நாலு முன்னால போயிடுத்து." ஆபீஸிலிருந்து பையில் கொண்டுவந்திருந்த மோசஸின் பேரேட்டைத் திருப்பிக் காட்டினாள். 1,140-க்குப் பக்கத்தில், நல்ல அழுத்தமாக, ஒரு பச்சை டிக் இருந்தது.

ஆடிட்டருக்கு அதைப் பார்க்க அவகாசமில்லை. "பஸ்! பஸ்!" என்று மணலில் ஓடினார். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நிற்பதற்குள் குதித்து இறங்கினார்.

வியாழக்கிழமை வரி ஆபீஸருக்கு அறிக்கை தயாராயிற்று. கண்ணால் பார்த்தவர் பெயர் வேண்டுமே! 'எங்கள் ஆபீஸ் ஆர்ட்டிகிள்டு கிளார்க் பெருந்தேவி நேரில் சென்று, இருபத்திமூன்று வீடுகளின் கணக்கையும் வெளித் தணிக்கை செய்தார். அவருடைய தேர்ச்சிக்கு நான் உறுதி கூறுகிறேன்' என்று ஆடிட்டரே சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். கையெழுத்துப் போட்டார், முத்திரை வைத்தார். மோசஸுக்கு உயிர் வந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெருந்தேவி சான்றிதழை மறுபடியும் அவர் மேஜையில் வைத்தாள். தபால் கட்டு போவது நாலரை மணிக்கு.

ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை." பொடி. "ஆனா ஒரே ஒரு நாள்தானே அம்மா? ஒரு நாளைப் போய் அனுபவம்னு எழுதினா..."

பெருந்தேவி கையோடு கொண்டுவந்திருந்த இரண்டு காகிதத்தைச் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று நேற்றைய அறிக்கையின் ஆபீஸ் நகல், அவர் கையெழுத்தோடு. மற்றது துரையின் சான்றிதழ் நகல், 'விரிவானது, மெச்சத்தக்கது'. அப்புறம் மோசஸின் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, பச்சை டிக் இருந்த பக்கத்தைத் திறந்து அதன் மேல் வைத்தாள்.

"நேத்து சர்க்காருக்கு நீங்க எழுதினதைத்தான் சார் இதுலயும் எழுதச் சொல்றேன். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

மூன்று வருஷத்தில் தனக்காக அவள் அவரிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். ஆடிட்டர் பேரேட்டைப் பார்த்தார், நகலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? பேனாவில் மசி இருக்கிறதா என்று உதறிப் பார்த்து அவர் கையில் கொடுத்தேன். என் வாழ்நாள் வீரம் அவ்வளவுதான். கட்டம் நிரம்பிற்று, கையெழுத்து விழுந்தது. நாலேகாலுக்கு அவள் தபாலாபீஸில் இருந்தாள்.

இத்தோடு எங்கள் ஆடிட்டர் திருந்தியிருப்பார் என்று நீங்கள் எதிர்பார்த்தால் இந்த இனத்தை உங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். பங்குனியில் மாதர் சங்க ஆண்டு விழாவுக்கு அவர்தான் தலைவர். "இந்த ஜில்லாவிலேயே ஒரு பெண்ணை வெளித் தணிக்கைக்கு அனுப்பிய முதல் ஆடிட்டர் யார்? நான் சொல்லிக்கொள்ளக்கூடாது" என்று சொல்லிக்கொண்டார். 'என் நேரடி மேற்பார்வையில்' என்றும் சேர்த்துக்கொண்டார். வலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கைதட்டல் ஒரு நிமிஷம். மறு மாசமே ஒரு பெண் ஆர்ட்டிகிள்டு கிளார்க்காகச் சேர வேண்டுமென்று வந்து நின்றாள். "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை" என்றார். பொடி போட்டார். "ஆனா எல்லாரும் பெருந்தேவி ஆக முடியுமோ?"

பெருந்தேவி பரீட்சையில் தேறிவிட்டாள். போன மாசம் சென்னைக்குப் போனபோது மயிலாப்பூரில் அவள் ஆபீஸுக்குப் போயிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே அவள் பெயர் போட்ட போர்டு, மேலே இரண்டு அறை, தட்டி கிட்டி ஒன்றும் கிடையாது. மேஜைமேல் ஒரு பெரிய கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது. நான் உட்கார்ந்ததும் ஒரு டம்ளரில் ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள்.

"குடியுங்கோ, வரதன் சார். வெயில்ல வந்திருக்கேள்."

அவளுக்கு நான் ஒரு நாளும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை. டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். ஏதாவது பேச வேண்டுமே! எத்தனை கட்சிக்காரர்கள், வருமானம் எப்படி, தொழில் எப்படிப் போகிறது என்று கேட்க எவ்வளவோ இருந்தது. நான் கேட்டது, "கல்யாணம் ஏதாவது...?"

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். கோபமில்லை, சிரித்தாள். "அதை எந்தக் கட்டத்துல எழுதணும், வரதன் சார்?" என்று கேட்டுவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதிலும் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்களா? பார்த்தீர்களா, கேட்டுவிட்டீர்கள்! ஆடிட்டர் பட்டாபிக்கு எத்தனை குழந்தைகள் என்று இவ்வளவு நேரம் நான் சொல்லவில்லை, உங்களுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. துரைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று நீங்கள் கவலைப்படவில்லை. பெருந்தேவி கூடுவாஞ்சேரியில் ரயிலேறின நிமிஷத்திலிருந்து உங்கள் மனசின் ஒரு ஓரத்தில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்துகொண்டிருக்கிறது. அவள் நல்லதுக்குத்தான் கேட்கிறீர்கள், எனக்குத் தெரியாதா?

தாராளமாகக் கேளுங்கள். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.